குளிர் ஒழுகும் வழிகள்

பத்தாம் வகுப்பு மாணவி

சென்ற மே மாதம் எங்கள் வீட்டில் ஒரு சிறு வழக்கு நடந்தது. வாதி என் அப்பா. பிரதிவாதி என் ஆயா. வழக்கின் பொருள், ஆயாவின் அறைக்கதவுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர். அதைச் செங்கல் வைத்துச் சிமெண்டால் அடைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. "உங்க தாத்தா காலத்துலேருந்து வீடு மூச்சு விடுற இடம்டா அது. அதை அடைக்கிறதுன்னா என்னையும் உள்ள வெச்சு அடை" என்பது ஆயாவின் கட்சி. அம்மா இருவருக்கும் காபி கொடுத்துவிட்டு ஒதுங்கிக் கொண்டார்கள்.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அந்த வழக்கை எங்கள் வீட்டில் எப்படித் தீர்த்தோம் என்பதையும், அதற்காக நான் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். பழைய வீட்டில் ஒரே ஓர் அறைக்கு மட்டும் ஏ.சி. வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பள்ளியில் பல உண்டு. அவர்களுக்கு இது பயன்படலாம்.

எங்கள் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பழைய வீடு. வாசலில் திண்ணை, உள்ளே முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்கட்டு என்று புதுவையின் தமிழ் வீடுகளுக்கே உரிய அமைப்பு. அறைகளின் கூரை பதினான்கு அடி உயரம். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்ட மெட்ராஸ் டெரஸ். ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. சாய்வான மரப்பட்டைகள் வரிசையாகப் பொருத்திய கதவுகள்தாம். மூடினாலும் காற்று வரும், மழை வராது. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வீடுகளிலும் இதே பட்டை ஜன்னல்களைக் காணலாம். இரு பக்கத்தாரும் மொழியில் வேறுபட்டாலும் வெயிலுக்கு ஒரே விடையைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்த விடை என்னவென்றால், காற்றைத் தடுக்காதே என்பது. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அது பட்டை ஜன்னல் வழியாக நுழைந்து, அறையின் சூட்டை வாரிக்கொண்டு, உயரத்தில் உள்ள வென்டிலேட்டர் வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் வெளியேறும். சூடான காற்று லேசானது, மேலே போகும் என்று ஏழாம் வகுப்பில் படித்தோமே, அதைக் கொத்தனார்கள் நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள். இந்த முறையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைச் சொல்லலாம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் இறுதியில் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. அதன் நீண்ட முகப்புகளில் ஜன்னல் என்று தனியாக ஒன்றும் இல்லை. சுவர் இருக்க வேண்டிய இடம் முழுவதும் திருப்பக்கூடிய பட்டைகள்! ஒரு வீடே ஜன்னலாக இருப்பதைப் போல.

ஆக, எங்கள் வீட்டில் ஓட்டைகள் இருப்பது குறையன்று. அவை வேண்டுமென்றே வைக்கப்பட்டவை.

ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு கோடைகளுக்கு முன் இரவெல்லாம் உறங்க முடியாமல் மயக்கம் வந்து விழுந்துவிட்டார்கள். டாக்டர் சொன்னதன் பேரில் அவர்கள் அறைக்கு ஒன்றரை டன் ஏ.சி. வாங்கினோம். அதுவரை வீட்டிலேயே பெரிய மின்சாரச் செலவு குளிர்ப்பெட்டிதான். ஏ.சி. வந்த பிறகு வந்த கரண்ட் பில்லை அப்பா இரண்டு முறை படித்தார்கள். மூன்றாம் முறை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்கள். யூனிட் கூடக்கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுகிறது என்பதால், கூடுதலாகச் செலவாகும் யூனிட்டுகள்தாம் விலை மிகுந்தவை. இரவு பத்து மணிக்குப் போட்டால் விடியும்வரை அந்த இயந்திரம் ஓய்வே எடுக்கவில்லை. அறையும் முழுதாகக் குளிரவில்லை. "இனி எனக்கு இது வேண்டாம், விசிறி போதும்" என்று ஆயா சொல்லத் தொடங்கினார்கள். பில்லைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அப்பாவுக்கு வென்டிலேட்டர்மீது அத்தனை கோபம்.

இந்த நேரத்தில் பெரியப்பாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. பெரியப்பா குடும்பம் பாரிசுக்கு அருகே இருக்கிறது. புதுவையில் பல குடும்பங்களுக்கு அப்படி ஒரு கிளை பிரான்சில் இருப்பது வாசகர்கள் அறிந்ததே. அவர்கள் வீடும் பழையது. எங்களுக்கு வெயில் என்றால் அவர்களுக்குக் குளிர். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு அவர்கள் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டைத் தின்றுவிடுமாம். 1973இல் எண்ணெய் விலை திடீரென்று பல மடங்கு ஏறியபோது பிரான்சு விழித்துக்கொண்டு, 1974இல் புது வீடுகளுக்கான முதல் வெப்பக்காப்பு விதிகளைக் கொண்டுவந்தது. பழைய வீடுகளில் இருப்பவர்களோ தாங்களே கதவிடுக்கையும் ஜன்னலிடுக்கையும் தேடி அடைக்க வேண்டியதுதான். "ஊதுபத்தியைக் கொளுத்தி இடுக்குப் பக்கம் காட்டும்மா. புகை எங்க ஆடுதோ அங்கதான் உங்க அப்பா காசு போகுது" என்றார்கள் பெரியப்பா.

சூட்டைக் காப்பதும் குளிரைக் காப்பதும் ஒன்றுதானா என்று எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டேன். ஒன்றுதான், ஆனால் தலைகீழ் என்றார்கள். பெரியப்பா வீட்டில் சூடான காற்று மேலே ஏறி, கூரைப் பக்கத்து இடுக்குகள் வழியே தப்பிவிடும். அந்த இடத்தை நிரப்பக் கீழே கதவடியிலிருந்து குளிர்காற்று நுழையும். எங்கள் அறையில் குளிர்ந்த காற்று கனமானது. அது தரையில் தேங்கி, கதவுக்கு அடியில் தண்ணீரைப்போல் ஒழுகும். ஒழுகிய அளவுக்கு மேலே வென்டிலேட்டர் வழியாக வெளிக்காற்று உள்ளே இறங்கும். அதாவது, வீட்டிலிருந்து வெக்கை வெளியேற வைத்த வழி, ஏ.சி. ஓடும்போது வெக்கை உள்ளே வரும் வழியாகிவிடுகிறது. இந்த இடத்தில் அப்பா கட்சிக்கு ஒரு மதிப்பெண்.

இதில் நம் கடலோர ஊருக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. அதுதான் ஈரம். வெளியே 32 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 சதவிகித ஈரப்பதமும் இருக்கும் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அறைக்குள் 26 பாகையும் 50 சதவிகித ஈரப்பதமும் இருந்தால் 12 கிராம்தான் இருக்கும். வெளிக்காற்று ஒரு கன மீட்டர் உள்ளே வந்தால், ஏ.சி. இரண்டு வேலை செய்ய வேண்டும். காற்றை 6 பாகை குளிர்விப்பது ஒன்று. அதற்குச் சுமார் 7 கிலோ ஜூல் வெப்பத்தை நீக்கினால் போதும். மற்றது, மிகையான 12 கிராம் நீராவியைத் தண்ணீராக்கிக் குழாய் வழியே சொட்ட விடுவது. நீராவி நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை விட்டுவிடும் அல்லவா? அது ஏறக்குறைய 29 கிலோ ஜூல். சூட்டைக் குறைப்பதைப்போல் நான்கு மடங்கு! உள்ளுறை வெப்பம் என்ற பாடத்தைப் படித்தபோது ஐந்து மதிப்பெண் வினா என்றுதான் நினைத்தேன். அது எங்கள் கரண்ட் பில்லில் இருக்கிறது என்று நினைக்கவில்லை.

சரி, ஊதுபத்திக்கு வருவோம். முதலில் மெழுகுவர்த்தி கொண்டு பார்க்கலாம் என்று பீடத்தடியில் இருந்த ஒன்றை எடுத்தேன். அது பிப்ரவரி இரண்டாம் தேதி காணிக்கை மாதா திருநாளில் மந்திரித்த மெழுகுவர்த்தி. ஆயா கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். சுடர் திரைச்சீலையில் பற்றும் அபாயமும் உண்டு என்பதால் ஊதுபத்தியே நல்லது. மாலையில் கடற்காற்று பலமாக வீசும் நேரமாகப் பார்த்து, கதவு ஜன்னல்களைச் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டு, சுவரோரமாக மெதுவாக நடக்க வேண்டும். புகை நேராக ஏறினால் பழுதில்லை. உள்பக்கம் தள்ளினாலோ வெளியே இழுத்தாலோ அங்கே வழி இருக்கிறது. வெளிநாடுகளில் வாசலில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்த வேலையை வங்கக் கடல் செய்து கொடுத்தது.

ஊதுபத்தி சொன்ன செய்திகள் எதிர்பாராதவை. வென்டிலேட்டர் குற்றவாளிதான், ஆனால் தனிக் குற்றவாளியன்று. கதவுக்கடியில் முக்கால் அங்குல இடைவெளி. மூன்றடிக் கதவுக்கு அது 27 சதுர அங்குலம். சுவரில் ஐந்தங்குலச் சதுரமாக ஒரு துவாரம் இருந்தால் யாராவது சும்மா விடுவார்களா? கதவடியில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. பழைய பித்தளைப் பூட்டின் சாவித் துவாரத்தில் புகை நூல் இழைபோல் நுழைந்தது. ஏ.சி. குழாய்க்காக ஒன்றரையடிச் சுவரில் போட்ட துளையைப் பொருத்த வந்தவர் செய்தித்தாளை உருட்டி அடைத்துவிட்டுப் போயிருந்தார். அதன் வழியாகப் புகை தாராளமாகப் போயிற்று, எறும்புகளும் போய் வந்துகொண்டிருந்தன. பட்டை ஜன்னலுக்கு முன்னால் அம்மா வாங்கிப் போட்டிருந்த கனத்த திரையோ புகையைச் சிறிதும் தடுக்கவில்லை. திரை வெளிச்சத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. அதற்குக் கொடுத்த பணத்தை நினைத்து அம்மா இன்றும் வருந்துகிறார்கள்.

அடைக்கும் வேலைக்கு எங்களுக்குத் தெரிந்த தச்சர் ஒருவரும் கொத்தனார் ஒருவரும் வந்தார்கள். கதவின் அடியில் தரையைத் தொடும்படி ரப்பர்ப் பட்டையை ஆணியடித்தோம். கதவு நிலையில் ஒட்டும் பஞ்சுப் பட்டையைச் சுற்றிலும் ஒட்டினோம். இதை நானே செய்தேன். ஒட்டுவதற்கு முன் பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து உலரவிட வேண்டும் என்று தெரியாமல் முதல் முறை ஒட்டியது மூன்று நாளில் தொங்கிவிட்டது. சாவித் துவாரத்துக்கு ஒரு சிறு தகட்டு மூடி. ஜன்னலுக்கு உள்பக்கம், பட்டைக் கதவைத் தொடாமல், மரச்சட்டத்தில் கண்ணாடி போட்டுக் கழற்றி மாட்டும்படி செய்தார் தச்சர். செலவில் பெரும்பகுதி இதற்குத்தான் ஆயிற்று.

குழாய்த் துளையை அடைக்கும்போது கொத்தனார் தாத்தா ஒரு செய்தி சொன்னார். "இது சுண்ணாம்புச் சுவரு பாப்பா. ஈரத்தைக் குடிக்கும், அப்புறம் துப்பும். சிமெண்டு பூசினா துப்ப முடியாது" என்றார். மழைக்காலத்தில் சுவர் உறிஞ்சும் நீர் வெயிலில் மெல்ல ஆவியாகிப் போக வேண்டும். சிமெண்டுப் பூச்சு அதை உள்ளேயே பூட்டிவிடுவதால் உப்புப் பூத்துக் காரை பொரிந்து உதிரும். நம் ஊரில் சிமெண்டு பூசிய பழைய சுவர்களின் அடிப்பகுதியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவே துளையின் உள்ளே சுண்ணாம்புச் சாந்து, குழாயைச் சுற்றி மட்டும் நெகிழும் பசை. வீட்டைக் கெடுக்காமல் அடைப்பது என்பது இதுதான். 2002 முதல் 2004 வரை வைசியாள் வீதியின் முகப்புகளை இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் பழைய முறைப்படியே செப்பனிட்டது. போகும்போது அந்த வீட்டுச் சுவர்களை நின்று பாருங்கள்.

கடைசியாக வென்டிலேட்டர். அப்பா செங்கல் என்றார்கள், ஆயா கூடாது என்றார்கள். தச்சர் ஒரு வழி சொன்னார். வென்டிலேட்டரின் அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை, விளிம்பில் பஞ்சுப் பட்டை, மேலே கீல், கீழே கயிறு. கயிற்றை இழுத்துக் கட்டினால் மூடும், விட்டால் திறக்கும். இரவில் அப்பாவின் வீடு, பகலில் ஆயாவின் வீடு.

இங்கே நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் அடைத்த முதல் இரவு எனக்கு ஒரே பெருமை. புகை எங்குமே ஆடவில்லை. அந்த அறையில் ஆயா, அம்மா, நான், தம்பி என்று நால்வர் படுத்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு ஆயா எழுந்து தலைவலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவுக்கும் தலை பாரம். நான் பயந்துவிட்டேன். காரணம் பிறகு விளங்கியது. சுவரில் மாட்டும் இந்த வகை ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. நால்வர் விட்ட மூச்சின் கரியமில வாயு முழுவதும் உள்ளேயே சேர்ந்துவிட்டது. ஆயா சொன்ன "வீடு மூச்சு விடுற இடம்" வெறும் பேச்சன்று. இந்த இடத்தில் ஆயா கட்சிக்கு இரண்டு மதிப்பெண்.

மறுநாள் பெரியப்பாவைக் கேட்டபோது சிரித்தார்கள். அவர்கள் நாட்டில் வீட்டை இறுக்க அடைக்கிறவர்கள் காற்று மாற்றுவதற்கென்றே ஒரு சிறு விசிறியைத் தனியாக ஓடவிடுகிறார்களாம். காற்று வர வேண்டும், ஆனால் நாம் விட்ட வழியாக, நாம் விட்ட அளவு வர வேண்டும் என்பது அதன் கருத்து. நாங்கள் இரவில் வென்டிலேட்டர்ப் பலகையை ஓர் அங்குலம் திறந்து கயிற்றைக் கட்டுகிறோம். தம்பி அப்பாவுடன் கூடத்துக்கு மாற்றப்பட்டான். காலையில் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிடுகிறோம். அதன்பின் ஆயாவுக்குத் தலைவலி வரவில்லை.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. அடைத்த அறையில் எதுவும் எரியக் கூடாது. கொசுவத்திச் சுருள் கூடாது. குழந்தை பெற்றவர்களுக்குச் சாம்பிராணி போடும் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது. மின்சாரம் நின்றபோது ஓடும் ஜெனரேட்டர் ஜன்னலுக்கு அருகில் இருக்கக் கூடாது. போதிய காற்றில்லாமல் எரியும் கரியும் எண்ணெயும் கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சைத் தருகின்றன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துபோவார். என் ஊதுபத்திச் சோதனையையும் முடித்த பிறகு கதவைத் திறந்து வைக்க வேண்டும். கியாஸ் கீசர் உள்ள குளியலறையின் காற்று வழியை அடைக்கவே கூடாது. சமையலறையிலோ கீழ்ப்பக்கத்து வழி மிக முக்கியம். சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, கசிந்தால் தரையில்தான் பரவும். நாம் காசை மிச்சம் பிடிப்பதற்காகக் கதவடியில் வைத்த ரப்பர்ப் பட்டை அங்கே உயிருக்கு உலையாகிவிடும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். அடைப்பதற்கு முன் ஐந்து இரவும் அடைத்த பின் ஐந்து இரவும் பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் மீட்டரைக் குறித்து வைத்தேன். முன்பு இரவுக்குச் சராசரி 11 யூனிட், பின்பு 8. வீட்டின் விசிறிகளும் குளிர்ப்பெட்டியும் இதில் அடக்கம். இரண்டு வாரங்களின் வெயிலும் ஒன்றுபோல் இருந்தது என்று சொல்ல மாட்டேன். நடுவே ஒரு நாள் மழை பெய்தது, அந்த இரவைக் கணக்கில் சேர்க்கவில்லை. எண்களைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது ஒலிதான். முன்பு விடியும்வரை உறுமிய இயந்திரம் இப்போது சற்று நேரம் ஓடி, நின்று, மீண்டும் ஓடுகிறது. இடையில் அமைதியாக இருக்கும்போது ஆயாவின் செபமாலை உருளும் ஓசை கேட்கிறது. வெப்பநிலையை 26இல் வைத்தாலே அவர்களுக்குப் போர்வை வேண்டியிருக்கிறது.

ஆனால் இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மெட்ராஸ் டெரஸ் இரவு வெகுநேரம்வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கிறது. அதை எந்தப் பட்டையாலும் அடைக்க முடியாது. வரும் கோடைக்கு முன் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதாக இருக்கிறோம்.

ஐப்பசி மழை பிடித்ததும் ஏ.சி.யை நிறுத்திவிட்டோம். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றித் துணி சுற்றிப் பின்கட்டில் வைத்தாயிற்று. ஈரத்தில் கதவு உப்பிக்கொண்டதால் ரப்பர்ப் பட்டை தரையில் உரசிக் கிழிந்திருக்கிறது. மார்ச் மாதத்துக்குள் மாற்ற வேண்டும். அதே வாரத்தில் பெரியப்பா பேசினார்கள். அங்கே குளிர் தொடங்கிவிட்டது, ஜன்னலுக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார்கள். இங்கே ஆயா வென்டிலேட்டர்க் கயிற்றை முழுவதும் அவிழ்த்துவிட்டு, அதை ஒரு முடிச்சாகச் சுருட்டித் தன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அப்பா கேட்டால்கூடக் கொடுப்பதில்லை.